லயத்துல சேர்ற பொலித்தீன எரிக்காம என்ன செய்யிறது?

மேல் டிவிசன் பிள்ளை (தலவாக்கலை)

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு மேல ஒரு தோட்டத்துல இருக்கேன். எங்க லயம் ஒரே வரிசையில பன்னிரண்டு வீடு. குப்பை ட்ரெக்டர் சந்தியோட திரும்பிடும், எங்க மேட்டுக்கு ஏறாது. அதனால எல்லாம் கோடிப்பக்கத்துக் கானுலதான் விழுது. மழை பிடிச்சா கானு அடைச்சு, தண்ணி குசினி வாசல் வரைக்கும் வந்துடும். அள்ளிக்கிட்டுப் போறது ஓடையில இறங்கி மேல் கொத்மலை நீர்த்தேக்கத் தண்ணியில போய்ச் சேருது.

ரெண்டு மாசமா நானும் பக்கத்து வீட்டு அக்காவும் முன்வாசல் இஸ்தோப்புல ரெண்டு உரச் சாக்கத் தொங்கவிட்டுச் சேர்க்கிறோம். சோடாப் போத்தல டவுன்ல பழைய சாமான் கடையில எடுக்கிறாங்க. சொப்பிங் பேக், பிஸ்கட் பக்கட், பால்மா பக்கட் இதெல்லாம் யாருக்கும் வேணாம். ஒரு சாக்கு நிறைஞ்சு அப்படியே கிடக்கு.

அதவிடப் பெரிய கவலை எங்க அப்பாயி. விடிய நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுவாங்க. தேயிலைக் கவ்வாத்துல வெட்டின மிலாறுக் குச்சி ஈரமா இருந்தா ஒரு மெல்லிய சிலிசிலி பொலித்தீன் பேக்க விரலால முறுக்கி, நுனியில நெருப்பு வச்சு விறகுக்கடியில தள்ளுவாங்க. அது உருகி எரிஞ்சுக்கிட்டே சொட்டுச் சொட்டா சாம்பல்ல விழும், ஒவ்வொரு சொட்டுக்கும் "உஸ்"னு சத்தம். கரும்புகை கூரைத் தகரத்துல முட்டி, அண்ணன் மகன் படுத்திருக்கிற காம்பராவுக்குத்தான் திரும்பும். அவனுக்கு மூணு வயசு, இருமல் விட்டபாடில்ல. முன்னாடி அப்பாயி ஒரு சொட்டு மண்ணெண்ணெய்லதான் மூட்டுவாங்க. 2022 ஆகஸ்ட்ல லீட்டர் 87 ரூபாயில இருந்து ஒரே ராத்திரியில 340க்குப் போச்சே, அதுக்குப் பிறகு வந்த பழக்கம் இது. "எண்ணெய் வாங்கித் தா, நான் விட்டுர்றேன்"னு சொல்றாங்க. அவங்க கேக்கிறதுல என்ன பிழை? எனக்குப் பதில் சொல்லத் தெரியல. யாராவது வழி சொல்லுங்க.

ஓய்வு பெற்ற டீச்சர் (பண்டாரவளை)

மகள், அப்பாயியோடு வாதாட வேண்டாம். பொலித்தீனைக் கையிலிருந்து வாங்குவதற்கு முன் அந்தக் கையில் வேறொன்றைக் கொடுங்கள்.

பக்கத்தில் பைனஸ் காடு இருந்தால் காய்ந்து விழுந்த காய்களைப் பொறுக்கி வையுங்கள். பிசின் இருப்பதால் டக்கென்று பிடிக்கும். யூக்கலிப்டஸ் மரத்திலிருந்து உரிந்து விழும் பட்டையும் காய்ந்த இலையும் நல்லது, இலையில் எண்ணெய் இருக்கிறது. எல்லாவற்றையும் மழைக்கு முன் சேர்த்துவிட வேண்டும். அடுப்புக்கு மேலே ஒரு சின்னப் பரண் கட்டி, நாளைக்கு வேண்டிய மிலாறை இன்றே அதில் போட்டால் விடியும்போது ஈரம் போயிருக்கும். நாங்கள் சிறு வயதில் அப்படித்தான் செய்தோம். இடையில் மறந்துபோனது.

குப்பையை, முக்கியமாக பிளாஸ்டிக்கை, வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் இருந்து சட்டப்படி தடை. கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்த வருடம் அது. ஆனால் இதை அப்பாயியிடம் சொல்லிப் பயனில்லை. பேரப்பிள்ளையின் இருமலைச் சொல்லுங்கள். பி.வி.சி. கலந்த சாமான், வயர் உறை, பழைய குழாய்த் துண்டு, எதுவும் அடுப்புக்குள் போகவே கூடாது. அதிலிருந்து டயொக்சின் என்ற நச்சு வரும், அது உடம்பை விட்டு லேசில் போகாது.

பழைய இரும்பு, போத்தல் (ஹட்டன்)

பிள்ள, நான் இருபது வருஷமா இந்தத் தொழில்தான். கடைக்காரன் ஏன் சிலதத் தள்ளுறான்னு சொல்றேன். அரை லீட்டர் வெறும் போத்தல் ஐம்பதுக்கு மேல சேர்ந்தாத்தான் ஒரு கிலோ. காத்தோட கட்டிக் கொண்டாந்தா லொறிக்கூலிக்கே காணாது. மூடியக் கழட்டிட்டு நசுக்குங்க.

எது எந்தச் சாதின்னு தெரியலன்னா பீலியில ஒரு வாளி தண்ணி புடிச்சு, ஒரு துண்டு வெட்டிப் போட்டுப் பாருங்க. சோடாப் போத்தல் துண்டு அடியில போயிடும். மூடியும் ஷாம்பு போத்தலும் மிதக்கும். ரெண்டையும் வேற வேற சாக்குல கொண்டாந்தா நானே நல்ல விலை போடுவேன். போத்தல் நூலாவும் தும்புத்தடி, பிரஷ் இழையாவும் மாறுது.

பால்மா பக்கட்டுல உள்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கே, அது பல அடுக்கு ஒட்டினது, பிரிக்க ஏலாது. அத நான் வாங்க மாட்டேன், பொய் சொல்லிக் கொண்டுபோகவும் மாட்டேன். சொப்பிங் பேக் கழுவிக் காய்ஞ்சிருந்தா எடுக்கிறேன். சோத்துப் பருக்கை ஒட்டினது ஒண்ணு இருந்தா முழுச் சாக்கும் நாறிடும்.

சபை ஊழியர் (நுவரெலியா மாவட்டம்)

ட்ரெக்டர் சந்தியோடு திரும்புவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாமல் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது, இப்போது செலவிடலாம். இன்றும் பலர், சில உத்தியோகத்தர்கள் உட்பட, பழைய நினைப்பிலேயே பேசுகிறார்கள். வரி கொடுக்கிற டவுனுக்குத்தான் ட்ரெக்டர் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பன்னிரண்டு வீட்டாரும் கையொப்பமிட்டு, பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம், தோட்ட முகாமையாளருக்கு ஒரு பிரதி. மேட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டால் பாதையைக் காரணம் காட்டுவார்கள். வாரத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரம், சந்தியில் நின்று எடுக்கும்படி கேளுங்கள். பால்மா, பிஸ்கட் பக்கட்டுகளுக்கு இப்போதைக்கு அந்த வழிதான். அதுவரை நனையாமல் கட்டி வையுங்கள்.

மேல் டிவிசன் பிள்ளை

டீச்சர், அண்ணன், ஐயா, மூணு பேருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு எழுதுறேன்.

கடிதம் கொடுத்தாச்சு. பதினொரு கையெழுத்து, ஒரு வீட்ல மட்டும் போடல. வியாழக்கிழமை காலையில சந்தியில நிக்கச் சொல்லியிருக்காங்க, ரெண்டு வியாழன் வந்தாங்க, ஒரு வியாழன் வரல. 2025 நவம்பர்ல இருந்து கடையில பேக்குக்குக் காசு எடுக்கிறதால அக்கா பழைய சேலையில பை தைச்சு லயத்துக்கே கொடுக்கிறாங்க. பேக் சேர்றதே குறைஞ்சிருக்கு. வாளித் தண்ணி விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடிச்சுப்போச்சு, பிள்ளை மடுவத்துல (பகல்ல பிள்ளைகளப் பார்த்துக்கிற இடம்) இருந்து வந்ததும் மூடி பிரிக்க உட்கார்ந்துடுறாங்க.

பேம்பர்ஸுக்கு மட்டும் இன்னும் வழி தெரியல. எங்க லயத்துல நாலு வீட்ல கைக்குழந்தை. யாராவது செஞ்சு பார்த்தது இருந்தா எழுதுங்க.

அப்பாயி முதல் வாரம் பைனஸ் காயத் தொடவே இல்ல. நேத்து விடிய எழும்பிப் பார்த்தேன், மடியில அஞ்சாறு காய வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அடுப்புக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "பரணுக்கு இன்னொரு கம்பு வேணும், அண்ணன்கிட்ட சொல்லு"ன்னாங்க.