புதுப்பிப்பு: கோத்தகிரி – கோவை விபிஎன் பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் தேயிலை ஃபேக்டரிக்கும் கோவை ஆபீஸுக்கும் நடுவே வயர்கார்டு (இணையம் வழியே இரு இடங்களைப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் மென்பொருள்) இணைப்பு, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) போகும், ஆனால் கொழுந்துக் கணக்கு ஃபைலை அனுப்பினால் பாதியில் நின்றுவிடும்.

காரணம் மழையும் இல்லை, கேபிளும் இல்லை. "எம்டியுவைக் குறைத்துப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. எம்டியு என்றால் ஒரு பாக்கெட், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு, எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று போட்டு பிங் செய்தேன், 1400 பைட் போனது, 1420 போகவில்லை. வயர்கார்டு வழக்கமாக வைப்பது 1420, ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) மேல் போகும்போது அதோடு தலைப்புத் தகவலாக 80 பைட் சேர்ந்து 1500 ஆகிறது, எங்கள் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) லைனோ 1492தான் தாங்கும். இரண்டு பக்கமும் 1412 வைத்தேன், உடனே ஃபைல் போனது.

எதிர்பாராதது ஒன்று. பழைய முகவரி முறையான ஐபிவி4இல் 60 பைட்தான் சேரும் என்பதால் பழைய இணைப்பில் இது தெரியவே இல்லை. அப்புறம், 'பாக்கெட் பெரிது' என்று மோடம் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பிவி6 (ஐபிவி6இல் பிழைகளை அறிவிக்கும் முறை) செய்தியை, பாதுகாப்பு என்று நினைத்து நானே ஃபயர்வாலில் தடுத்திருந்தேன். தயவுசெய்து அந்த டைப் 2 செய்தியைத் தடுக்காதீர்கள், ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்காது, அந்தச் செய்தி வந்தால்தான் அனுப்புகிற பக்கம் அளவைக் குறைக்கும். ரிமோட் டெஸ்க்டாப்புக்காக (தூரத்திலிருந்து கணினியை இயக்குவது) வெளியே திறந்திருந்த 3389 போர்ட்டையும் மூடிவிட்டேன், அது இனி விபிஎன் வழியாக மட்டும்.