டூ-வுக்குப் பிறகு மீட்டா, மீட்டிங்கா?

கானாடுகாத்தானில், தங்கும் விடுதியாக மாற்றிய பழைய நகரத்தார் வீடு ஒன்றில் முன்பதிவு மெயில்களுக்கு நான்தான் ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறேன். எட்டு மாதமாக ஒரே இடத்தில் சறுக்குகிறது.

'வீ லுக் ஃபார்வர்ட் டூ மீட் யூ' என்று எழுதியிருந்தேன். வந்த விருந்தாளி ஒருவர், முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடியே, 'மீட்டிங்' என்று வரணும் என அன்பாகத் திருத்தினார். ஆனால் 'வான்ட் டூ மீட்' சரியாம். இரண்டிலும் அதே டூ தானே?

ஜெரண்ட், அதாவது வினையோடு 'இங்' சேர்ந்து பெயராக வரும் வடிவம், நம்ம தொழிற்பெயர் மாதிரி, சந்தித்தல், சமைத்தல் என்பது புரிகிறது. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் பின்னால் 'இங்' வரும் என்று பட்டியல் எழுதி மனப்பாடம் செய்தேன். 'ஸ்டாப் டூ டாக்' என்றால் பேசுவதற்காக நிற்பது, 'ஸ்டாப் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்துவது, அதுவும் பிடிபட்டது. இந்த டூ மட்டும்தான் பிடி கொடுக்கவில்லை. 'யூஸ்டு டூ'வில் இரண்டு மாதிரியும் வருகிறது!

எந்த டூ-வுக்குப் பிறகு 'இங்' வரும் என்று எழுதும்போதே கண்டுபிடிக்க என்ன வழி?