8 வயதில் பல்லுக்குக் கம்பி போடலாமா?

திருமங்கலம் அம்மா:
என் மகளுக்கு 8 வயது. மேல் முன்பல் இரண்டும் விழுந்து முளைத்தாயிற்று. ஆனால் நடுவில் ஒரு கடலைப் பருப்பு நுழையும் அளவு சந்து. பல்லும் ஆளுக்கொரு பக்கம் சரிந்து நிற்கிறது. பள்ளியில் "கேட் திறந்திருக்கு" என்று கேலி செய்கிறார்களாம். மாமியார் "பொம்பளைப் பிள்ளை, இப்பவே கம்பி கட்டிடு" என்கிறார். என் அண்ணன், பத்தாவது முடியட்டும் என்கிறான். எந்த வயதில்தான் ஆரம்பிப்பது?

செல்லூர்க்காரன்:
சகோதரி, மகள் விஷயத்தில் அவசரப்பட்டவன் நான். மகன் விஷயத்தில் அசந்துவிட்டேன்.

மகளுக்கும் இதே சந்துதான். எட்டரை வயதில் லீவு போட்டுக் கூட்டிப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, இன்னும் இறங்காத சிங்கப்பல் இரண்டும் மேலே இருந்து முன்பல் வேர்களை நெருக்குவதைக் காட்டினார். அவை இறங்க 11, 12 வயதாகும், இந்தச் சந்து அப்போது தானாகவே மூடிவிடும், வீட்டுக்குப் போங்கள் என்றார். எனக்கோ சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் சொன்னபடியே 12 வயதில் மூடியது.

மகன் கதை வேறு. 7 வயதிலேயே, பல்லைக் கடித்தால் ஒரு கீழ்ப்பல் மட்டும் மேல்பல்லுக்கு வெளியே நிற்கும். அக்காவுக்குச் சரியானது போல இதுவும் சரியாகும் என்று விட்டேன். ஒன்பதரை வயதில் காட்டியபோது, அந்தப் பல்லில் ஈறு இறங்கி வேர் எட்டிப் பார்த்தது. இது காத்திருக்கக் கூடாத கேஸ் என்று டாக்டர் கடிந்துகொண்டார். கழற்றி மாட்டுகிற பிளேட் கொடுத்தார். அதில் மேல்பல்லை வெளியே தள்ள ஒரு சின்ன ஸ்பிரிங்.

அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் பயல் பிளேட்டைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்து, இலையோடு சேர்த்து மடித்துவிட்டான். நானும் மச்சானும் எச்சில் இலைக் கூடையில் முழங்கை வரை விட்டுத் துழாவினோம். பாயசத்தில் ஊறிக் கிடந்தது. பிளேட் கொடுத்தால் கூடவே ஒரு டப்பாவும் கேட்டு வாங்குங்கள். ஐந்து மாதத்தில் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு உள்ளே வந்துவிட்டது.

மேலூர் வாசகி:
பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமே சொல்கிறது. காட்டச் சொல்வதுதான், உடனே கட்டச் சொல்வதல்ல. முழுக் கம்பி பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்குள். விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது, சொத்தையில் பால் பல்லை முன்கூட்டியே பிடுங்கியது, இவையெல்லாம் இருந்தால் முன்னாலேயே பார்க்க வேண்டும். உங்கள் அண்ணன் சொல்வதும் சரியில்லை. கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், பிள்ளை மளமளவென்று வளரும் சமயத்தில்தான் திருத்த வசதி. பெண் பிள்ளைகளுக்கு அது பையன்களைவிட முன்னதாகவே வந்துவிடும். பத்தாவது முடியும்போது பெரும்பாலும் கடந்திருக்கும்.

திருமங்கலம் அம்மா:
இப்போதுதான் கடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்ப்பல் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் ராத்திரி வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள். சளி என்று விட்டிருந்தேன். சனிக்கிழமை காட்டுகிறேன். எக்ஸ்ரே எடுத்தால் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும், மாமியார் அதைப் பார்த்தால்தான் நம்புவார்.