லூசில் பால்: எந்தப் படத்தில், எந்தக் காட்சியில் சந்தித்தீர்கள்?

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பாலை 'ஐ லவ் லூசி' டிவி தொடரில் மட்டும் பார்த்தவர்கள் அதற்கு முந்தைய படங்களில் இரண்டையாவது தேடிப் பாருங்கள். 'ஸ்டேஜ் டோர்' (1937) படத்தில் காத்தரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ராஜர்ஸ் நடுவே சின்ன வேடம்தான். ஆனால் வசனத்தை வெடுக்கென்று வீசும் பாணி அங்கேயே வந்துவிட்டது. 'தி பிக் ஸ்ட்ரீட்' (1942) நேரெதிர்: ஹென்றி ஃபோண்டாவின் அன்பைத் துச்சமாக நினைக்கும், கால் முடங்கிய பாடகி. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ காலத்தில் அவருடைய உச்சம் இதுதான் என்பேன். பிறகு எம்.ஜி.எம். ஸ்டுடியோவில், மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனிடம், கையில் இருக்கும் சாமானை வைத்துச் சிரிக்கவைக்கும் வித்தையைக் கற்றார்.

—

மேலே சொன்ன வித்தை டிவியில் எடுபட்டதற்கு 'ஐ லவ் லூசி'யைப் படமாக்கிய முறையும் காரணம். 1951-ல் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலை. நாட்டின் மேற்குக் கரைக்கு அனுப்ப டிவி திரையையே படம்பிடிப்பார்கள், உருவம் மங்கிவிடும். ஹாலிவுட்டை விட்டுப் போக லூசிலும் கணவர் டெசி அர்னாஸும் சம்மதிக்கவில்லை. 35 மி.மீ. பிலிமில், பார்வையாளர் முன்னிலையில், மூன்று கேமராவில் எடுக்க முடிவானது. செலவு ஏறியது; இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படச்சுருளின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். மறு ஒளிபரப்பில் கொட்டிய பணத்துக்கு இதுதான் வேர்.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயண்ட். ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்ற அவகாசமில்லை. தரையில் ஸ்டாண்ட் வைத்தால் கேமராக்கள் நகராது. அதனால் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, அரங்கம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பரப்பினார். டிவியில் கறுப்பு வெள்ளை முரண் கூடித் தெரியும் என்பதால் செட்டுக்குச் சாம்பல் நிறச் சாயைகளையே பூசினார்கள். நடுக் கேமரா முழு உருவத்துக்கு, பக்கத்துக் கேமராக்கள் முகத்துக்கு. உடம்பும் முகமும் ஒரே நொடியில் பதிவானதால்தான் எடிட்டிங்கில் தாளம் தப்பவில்லை.

—

இதைக் கண்கூடாகப் பார்க்க, 'ஐ லவ் லூசி'யில் லூசி ஒரு டானிக் விளம்பரத்தில் நடிக்கும் காட்சியை (மே 1952) எடுங்கள். முதல் ஒத்திகையில் 'வைட்டாமீட்டாவெஜமின்' என்ற அந்த டானிக்கின் விளம்பர வசனத்தைப் பிசகில்லாமல் சொல்கிறார். அதைக் கவனமாகக் கேளுங்கள், பின்னால் வரும் குளறல் ஒவ்வொன்றும் அதற்கு எதிராகத்தான் சிரிப்பை எழுப்புகிறது. கதைப்படி டானிக்கில் 23 சதவீதம் ஆல்கஹால். படப்பிடிப்பில் அவர் குடித்தது ஆப்பிள் பெக்டின் (ஆப்பிளிலிருந்து எடுக்கும் கூழ்மம்). போதை ஒரேயடியாக வராது: முதலில் முகச்சுளிப்பு, அடுத்து ரசிப்பு, பிறகுதான் நாக்குத் தடுமாற்றம்.

டிவி மறு ஒளிபரப்பில் பார்க்காதீர்கள். விளம்பரத்துக்கு இடம்விட்டு நறுக்கும்போது முதலில் போவது இப்படி முகம் மட்டும் பேசும் மௌன இடைவெளிகள்தான். முழு நீள டிவிடியே சரி.

—

கடைசிக் காலத்திலிருந்து ஒன்று: 'ஸ்டோன் பில்லோ' (1985) டிவி படம். நியூயார்க் தெருவில் வாழும் முதியவள் வேடம். குளிர்கால உடுப்புகளை அடுக்கிக்கொண்டு கடும் வெயிலில் நடித்ததில் உடல் நீர் வற்றிப்போனது. நகைச்சுவையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். 'தி பிக் ஸ்ட்ரீட்' பார்த்தவர்களுக்குப் பிடிக்கும்.