சிட்னியிலிருந்து வான்கூவர் வரை 24 இரவுகள்: கரை தெரியாத நாள்கள் கப்பலில் எப்படிக் கழியும்?

சிட்னிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரலில் நானும் என் கணவரும் சிட்னியில் கப்பலேறி, ஆக்லாந்து, தாஹிட்டியின் பப்பீட்டே, ஹவாயின் ஹொனலூலு வழியாக வான்கூவர் போய் இறங்கப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். எங்கள் மகள் அங்கே வசிக்கிறாள். மொத்தம் 24 இரவுகள். அவற்றுள் பதினாறு பகல்கள் முழுக்கக் கடலிலேயே கழியும் என்று அட்டவணை காட்டுகிறது. இதற்கு முன் நாங்கள் போனது நான்கு இரவுப் பயணம் ஒன்றுதான்.

கணவருக்கு வயது 64. சர்க்கரைக்காகக் காலையிலும் மாலையிலும் மாத்திரையும், இரவில் இன்சுலின் ஊசியும் எடுத்துக்கொள்கிறார். நான் சுத்த சைவம்; ஏகாதசி விரதத்தையும் விடாமல் இருந்து வருகிறேன். கேபின் ஒன்பதாவது தளத்தில், கப்பலின் முன்பகுதியில் கிடைத்திருக்கிறது. இத்தனை நாள் கடலில் அன்றாடப் பொழுது எப்படி நகர்கிறது, சாப்பாட்டுக்கு என்ன வழி, நேர மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் அனுபவப்பட்டவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

தென்கடல் (மறுமொழி)

சகோதரி, ஏறக்குறைய இதே வழியில் நானும் என் மனைவியும் போயிருக்கிறோம். கடிகாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அலையைவிட அதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

கிழக்கு நோக்கிப் போவதால் ஆக்லாந்துக்கு முன் இரண்டு மணி, தாஹிட்டிக்கு முன் மேலும் இரண்டு மணி, ஹொனலூலுவுக்கும் வான்கூவருக்கும் நடுவே மூன்று மணி என்று ஏழு முறை கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாக முன்னே தள்ளி வைக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாளுக்கு 23 மணி நேரம்தான். ஒருநாள் என்றால் பெரிதாகத் தெரியாது. அடுத்தடுத்து வரும்போது காலை உணவுக் கூடம் மூடும் நேரத்தில்தான் கண் விழிக்கும். நாங்கள் மூன்றாம் நாளிலிருந்து பகல் தூக்கத்தை அறவே விட்டுவிட்டு, விடிந்ததும் திறந்த தளத்தில் போய் வெயிலில் நடக்க ஆரம்பித்தோம். அதன் பிறகே உடம்பு வழிக்கு வந்தது.

இதற்கு நடுவில், ஆக்லாந்துக்கும் பப்பீட்டேக்கும் இடையே சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடக்கும்போது ஒரு முழு நாள் திரும்பவும் வரும். என் மனைவி தைராய்டு மாத்திரைகளைப் புறப்படும் தேதியிலிருந்து இறங்கும் தேதி வரை நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணி, கிழமை அச்சிட்ட டப்பாவில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். கோட்டைக் கடந்த காலையில் வியாழக்கிழமைக் குழியைத் திறந்தால் காலியாக இருக்கிறது. கதவருகே செருகியிருந்த நிகழ்ச்சித் தாளிலோ மறுபடியும் வியாழக்கிழமை என்றே போட்டிருந்தார்கள். முந்தின நாளே போட்டுக்கொண்டது நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. ஆகவே மருந்தைத் தேதியை வைத்து எண்ணாதீர்கள். இரவுகளை வைத்து எண்ணி, அதற்கு மேல் ஒரு வாரத்துக்கு வேண்டியதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏகாதசிக்கும் இது பொருந்தும். கப்பலில் தேதி இரண்டு தடவை வந்தாலும் திதி ஒரு தடவைதான். சிட்னிப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் தேதியை அப்படியே பின்பற்றாமல், கப்பல் அப்போது இருக்கும் இடத்தின் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

பொழுது போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடனப் பயிற்சி, வினாடி வினா, சொற்பொழிவு, இரவில் நாடகம் என்று நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டேயிருக்கும். எல்லாவற்றுக்கும் ஓடினால் களைப்புத்தான் மிஞ்சும். எனக்குப் பிடித்த நேரம் நண்பகல். அந்நேரத்தில் கப்பல் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் வேகம், கீழே கடலின் ஆழம் ஆகியவற்றைக் கேப்டன் ஒலிபெருக்கியில் படிப்பார். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் பசிபிக் வரைபடம் ஒன்றைச் சுவரில் காந்தத்தால் ஒட்டி, தினமும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். கப்பல் 20 நாட் (கடலில் வேகத்தைச் சொல்லும் அளவு) வேகத்தில் போகிறதென்றால் மணிக்கு 37 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 890 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் வரைபடத்தில் ஒரு விரற்கடைக்குள் அடங்கிவிடுவதைப் பார்க்கும்போதுதான் பசிபிக் எவ்வளவு பெரியது என்பது மனத்தில் உறைத்தது. பப்பீட்டேக்கும் ஹொனலூலுவுக்கும் இடையில் ஐந்து நாள் வேறொரு கப்பல் கூடக் கண்ணில் படவில்லை. நிலநடுக்கோட்டைக் கடந்த அன்று கடல் அரசன் வேடமிட்ட ஊழியர் ஒருவர் நீச்சல்குளத்தருகே அமர்ந்து, முதன்முறை கடப்பவர்கள் தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றினார். என் மனைவியும் போய் நின்றார்.

முத்துநகர்க்காரன் (மறுமொழி)

அம்மா, நான் தூத்துக்குடிக்காரன். பதினோரு ஆண்டுகள் பயணக் கப்பல்களின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவன்.

உங்கள் கேபினை மாற்ற முடியுமானால் இப்போதே மாற்றிவிடுங்கள். கப்பலின் அடியில் இருபுறமும் மீனின் துடுப்புப் போல நீளும் தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, முன்பகுதி ஏறி இறங்குவதை நிறுத்தா. உயரத்தில், அதுவும் முன்பகுதியில் படுத்தால் அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் உங்களுக்குத்தான். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. சிட்னியை விட்டதும் வரும் டாஸ்மன் கடல் அடிக்கடி கொந்தளிக்கும் கடல். லிப்ட் அருகே கைப்பிடியில் காகிதப் பைகளைச் செருகி வைத்திருந்தால், அலை பெரிதாக வரப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை; தொடங்கும் முன் போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பெரும்பாலான கப்பல்களில் இந்தியச் சமையற்காரர்கள் இருப்பார்கள். முதல்நாள் இரவே உணவு மேசைத் தலைவரிடம், முட்டையும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னால் மறுநாள் இரவுக்குப் பருப்பும் காய்கறியும் தனியாகச் செய்து வைப்பார்கள். கடைசி நேரத்தில் கேட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்? ஆயிரக்கணக்கான தட்டுகள் வரிசையில் நிற்கும் நேரம் அது. தொடர்ந்து ஐந்து நாள் கடலில் போகும்போது கீரையும் மென்மையான பழங்களும் முதலில் தீரும்; ஆப்பிளும் முட்டைக்கோசும் கடைசி வரை இருக்கும்.

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் கொண்டுவராதீர்கள். ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். கடலில் தீயைவிடப் பெரிய பயம் எங்களுக்கு இல்லை. இன்னொன்று: ஆக்லாந்தில் இறங்கும்போது கைப்பையில் மறந்துபோய் ஒரு வாழைப்பழம் இருந்தாலும் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் கட்ட நேரிடும். கப்பலில் எடுத்த பழத்தைக் கப்பலிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

பஃபேக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் பரப்பும் நோரோ வைரஸ் வாசலில் தெளிக்கும் கிருமிநாசினிக்கு அவ்வளவாக அடங்காது.

அட்லாண்டிக்கர் (மறுமொழி)

நானும் இன்சுலின் போடுபவன் என்பதால் எழுதுகிறேன். சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குயின் மேரி 2 கப்பலில் ஏழு இரவுகள் போனேன். மேற்கே போனதால் எனக்குப் பெரும்பாலான நாள்கள் 25 மணி நேரமாக நீண்டன, உங்களுக்கு நேர்மாறு. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: ஊசி நேரத்தை எந்த நாளில் எவ்வளவு நகர்த்துவது என்று, கப்பலின் நேர அட்டவணையைக் காட்டி மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

கேபினில் இருக்கும் சிறிய பெட்டி பானத்தைக் குளிர்விப்பதற்கானது. இன்சுலினை அதை நம்பி வைக்கக் கூடாது. மருந்துக்கென்று குளிர்பெட்டியும், பயன்படுத்திய ஊசியைப் போடக் கெட்டியான டப்பாவும் வேண்டும் என்று புறப்படும் முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நடுப்பசிபிக்கில் ஹெலிகாப்டர் எட்டாத தூரங்கள் உண்டு என்பதால், பழைய நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் காப்பீடு இல்லாமல் தயவுசெய்து ஏறாதீர்கள்.

சிட்னிவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயண முகவரிடம் பேசினேன். ஐந்தாவது தளத்தில், நடுவில், சன்னல் இல்லாத அறை ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். கணவர் யோசித்தார், நான் சரி என்று சொல்லிவிட்டேன். மாத்திரைகளைத் திரும்ப எண்ணினேன். நானும் தேதியை வைத்தே 24 நாளுக்கு அடுக்கியிருந்தேன். ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் சேர்த்தால் 25 வேண்டும். காப்பீட்டுத் தாளை நாளை எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: தாஹிட்டி, ஹவாய் என்று வெப்பமான இடங்களாகவே போவதால் குளிருடை தேவைப்படுமா?

தென்கடல்

கட்டாயம் தேவைப்படும். ஹொனலூலுவை விட்ட மூன்றாம் நாள் நடைத்தளத்தில் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. தடித்த ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியும் ஆளுக்கொன்று எடுத்து, பெட்டியின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நாளுக்குத்தான் வேண்டியிருக்கும்.