தொழிலாளர் வழக்குக்கு நடுவர் யார்: வக்கீலா, ஆலைக்குள் போய்ப் பார்த்தவரா?

கணக்கன்:
அமெரிக்கா, மெக்சிகோ, கனடா வர்த்தக ஒப்பந்தம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஆலையில் சங்க உரிமை பறிக்கப்பட்டதாகப் புகார் வந்தால் விசாரிக்க அதில் விரைவு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா, மெக்சிகோ ஆளுக்கொரு பட்டியல். வெளிநாட்டு நிபுணர்கள் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கலில் ஒருவர், ஆக மூன்று பேர் கொண்ட நடுவர் குழு. குலுக்கல் நேர்மையானதுதான். ஆனால் பானைக்குள் எந்தச் சீட்டைப் போடுகிறார்கள்? வர்த்தக வக்கீல்களாகப் பொறுக்கிப் போட்டால், வழக்கு தொடங்கும் முன்பே தொழிலாளி தோற்றுவிடுகிறார் என்பது என் கட்சி.

சட்டப்புள்ளி:
தகுதி விதியைப் படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா? தொழிலாளர் சட்டத்திலும் நடைமுறையிலும் அனுபவம் வேண்டும், எந்த அரசின் சொல்லுக்கும் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கணக்கன்:
அனுபவம் என்றால் யார் பக்கத்து அனுபவம்? முதலாளிகளுக்காக முப்பது வருஷம் வாதாடியதும் அனுபவம்தானே. மத்திய அமெரிக்க நாடுகளோடு போட்ட முந்தைய வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்கா குவாத்தமாலா மேல் கொண்டுவந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் தொழிற்சங்கங்கள் புகார் கொடுத்தன, குழுவின் அறிக்கை வந்தது 2017இல். எட்டு இடங்களில் 74 தொழிலாளர்கள் விஷயத்தில் நீதிமன்ற உத்தரவையே அரசு அமல்படுத்தவில்லை என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனாலும் அது வர்த்தகத்தைப் பாதித்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அமெரிக்காவின் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். உத்தரவு கையில் இருந்தும் வேலை திரும்பக் கிடைக்காதவர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்?

சட்டப்புள்ளி:
அந்தக் குற்றம் ஒப்பந்த வாசகத்தின் மேல், நடுவர் மேல் இல்லை. 'வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்' என்று எழுதிவைத்தவர்கள் அதில் கையெழுத்திட்ட அரசுகள். பிறகு 2020 ஒப்பந்தத்தில் அதைத் திருத்தினார்கள்: மீறல் வர்த்தகத்தைப் பாதித்ததாகவே முதலில் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் வேலை. ஓட்டையை அடைத்தது பேனாதான். நடுவரை மாற்றி அடைக்கவில்லை.

அப்புறம் விரைவு வழியில் வந்த வழக்கு, மெக்சிகோவின் சான் மார்ட்டின் சுரங்கம். 2007இல் தொடங்கிய வேலைநிறுத்தம். 2024 ஏப்ரலில் குழு 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்றது. விரைவு வழி மெக்சிகோவின் 2019 சீர்திருத்தத்தை ஒட்டியது. இந்தச் சண்டையோ பழைய சட்டத்தின் கீழ் வருவது. கசப்புதான். ஆனால் அதிகாரம் இல்லாத இடத்தில் தீர்ப்புச் சொன்னால் அடுத்த முறை எந்த அரசு அந்தக் குழுவை மதிக்கும்?

மொழிக்காரி:
நடுவில் நுழைகிறேன். தொழிற்சாலைத் தணிக்கைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருக்கிறேன். ஒரு ஆலையில் ஏழு பேரைத் தனித்தனியாகப் பேட்டி எடுத்தோம். ஏழு பேரும் ஒரே வாக்கியம், ஒரே வார்த்தை வரிசை: "எட்டு மணி நேரம்தான், விருப்பப்பட்டால் மட்டும் ஓவர்டைம்." வருகைப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. சாப்பாட்டுக் கூடச் சுவரில் புகார் எண் ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், பசை காயவில்லை.

எங்களோடு வந்த ஒருவர் தாளில் எல்லாம் சரி என்று டிக் அடித்துக்கொண்டே போனார். முன்பு ஆலையில் வேலை பார்த்த இன்னொருவர் மட்டும் எதுவும் எழுதாமல் வாசல் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். நிஜக் கதை அங்கேதான் கிடைத்தது.

இந்த விரைவு வழியில் குழு நேரே ஆலைக்குப் போய்ச் சரிபார்க்கவும் இடம் உண்டு. அங்கே பசையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும் ஒரு ஆளாவது வேண்டாமா?

சட்டப்புள்ளி:
அவரை உதவியாளராக வைத்துக்கொள்ளலாமே. தீர்ப்பு எழுதுவது வேறு வேலை.

மொழிக்காரி:
உதவியாளர் சொல்வதற்கு எடை போடப்போவது யார்? அதே டிக் அடித்த ஆள்தானே.

கணக்கன்:
ஐரோப்பிய ஒன்றியம் தங்கள் வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் தென் கொரியா மேல் கொண்டுவந்த தொழிலாளர் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்த ஜில் மர்ரி தொழிலாளர் சட்ட அறிஞர். 'இதற்கும் வர்த்தகத்துக்கும் சம்பந்தமில்லை' என்ற கொரியாவின் வாதத்தைக் குழு ஏற்கவில்லை. 2021 ஜனவரியில் வந்த அறிக்கை, தொழிலாளி யார் என்று கொரியச் சங்கச் சட்டம் தரும் விளக்கமே ஒப்பந்தத்துக்குப் பொருந்தவில்லை என்றது.

சட்டப்புள்ளி:
அந்த ஒப்பந்தத்தின் வாசகமே வேறு, நீங்கள் வாசகத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அதே குழுதான், சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைகளை ஏற்கக் கொரியா எடுத்த முயற்சி போதும் என்றும் சொன்னது. அதைச் சொல்லாமல் விட்டீர்களே!

கணக்கன்:
விட்டது தப்புதான். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம். தொழிலாளர் பக்கம் தெரிந்தவர் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் சாய்வார் என்ற பயம் வேண்டாம் பாருங்கள்.

சட்டப்புள்ளி:
பேராசிரியர் வேறு, நேற்றுவரை சங்கத்தில் சம்பளம் வாங்கியவர் வேறு. சங்கத்தை விட்டுச் சில வருஷம் ஆகியிருக்க வேண்டும், பழைய தொடர்புகளை எழுதித் தர வேண்டும். முதலாளி தரப்பு வக்கீலுக்கும் இதே நிபந்தனை. அப்படியானால் மூன்றில் ஒரு நாற்காலிக்கு நான் சம்மதம்.

கணக்கன்:
ஒன்றா? பரவாயில்லை, கொஞ்சம் முன்னால் வெறும் உதவியாளர்தான் என்றீர்கள்.