திருடர்கள் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள்

வடக்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் பொது அறையில் படம் போடுவோம். எந்தப் படம் என்று முடிவு பண்ணுவது அங்கே இருக்கிற பெரியவர்கள்தான், டிவிடியைப் போட்டுத் திரைச்சீலையை இழுத்து விடுவதோடு எங்கள் வேலை முடிந்தது. போர்ப் படம் என்றால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், காதல் படம் என்றால் நடுவில் ஊர்க்கதை ஆரம்பித்துவிடும். ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து திட்டம் போட்டுக் கொள்ளையடிக்கப் போகிற அந்தப் பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் ஒன்றைப் போட்டால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள், கையில் இருக்கிற டீ அப்படியே ஆறிப்போகும். எனக்கு இது முதலில் புரியவே இல்லை.

அப்படித்தான் 'தி லேடிகில்லர்ஸ்' பார்த்தேன். 1955-இல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த படம், அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கியது. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாய்ந்துபோன வீடு, அதில் தனியாக ஒரு கிழவி, கூடச் சில கிளிகள். மாடி அறையை வாடகைக்குக் கேட்டு ஒரு பேராசிரியர் வருகிறார், நடித்தது அலெக் கின்னஸ். நாங்கள் ஐந்து பேர் வாத்தியம் வாசிக்கிறவர்கள், பயிற்சி செய்ய இடம் வேண்டும் என்கிறார். மேலே இசைத்தட்டில் பொக்கரீனி என்கிற பழைய இசையமைப்பாளரின் இசை ஓடும், ஐந்து பேரும் உட்கார்ந்து கொள்ளைக்குத் திட்டம் போடுவார்கள், கிழவி அஞ்சு நிமிடத்துக்கு ஒருதரம் கதவைத் தட்டி "டீ வேணுமா" என்று கேட்பார், உடனே எல்லாரும் தடதடவென்று ஓடி வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் சிரித்தேன், ஆனால் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி எனக்கு முன்னால் சிரித்தார். ஒவ்வொரு காட்சிக்கும் அரை நொடி முன்னால். அந்தப் படம் தியேட்டருக்கு வந்தபோது அவருக்கு 22 வயதாம், கல்யாணம் ஆகாத சமயம், அக்காவோடு போய்ப் பார்த்தாராம். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று அவருக்கே கணக்கில்லை. "கொஞ்சம் பொறு டியர், இப்போ அந்தக் குதிரை வரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குதிரையும் வந்தது. திருடிய பணம் இருக்கிற பெட்டியை, விஷயமே தெரியாத அந்தக் கிழவிதான் ரயில் நிலையத்திலிருந்து டாக்சியில் எடுத்து வருகிறார், அதுதான் அவர்கள் திட்டம். வழியில் காய்கறி வண்டிக்காரன் ஒருத்தன் குதிரையை அடிக்கிறான். கிழவிக்குப் பொறுக்கவில்லை, டாக்சியை நிறுத்திவிட்டு இறங்கிச் சண்டைக்குப் போகிறார். தெருவே ரகளையாகிவிடும். கடைசியில் அந்தப் பணப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவது யார் தெரியுமா, போலீஸ்காரர்கள்!

அன்றைக்கு ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்தக் குதிரைக் காட்சியையே நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டத்தில் ஓட்டையே கிடையாது, பேராசிரியர் எல்லாவற்றையும் யோசித்துவிட்டார். ஒரு கிழவிக்கு வாயில்லாத ஜீவன் அடிபடுவது பொறுக்காது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க இதே விஷயம்தான் கண்ணில் பட்டது. 1951-இல் வந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் அலெக் கின்னஸ்தான், இருபது வருடமாகத் தங்கக் கட்டிகளை வேனில் வைத்து வங்கிக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ஒரு குமாஸ்தா. யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஆள். அவரும் ஈயத்தில் பொம்மை வார்க்கிற ஒருவரும் சேர்ந்து, தங்கத்தை உருக்கி ஈஃபில் கோபுர பொம்மைகளாக வார்த்துப் பாரிஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரைக்கதை எழுதிய டி.இ.பி. கிளார்க், இப்படி ஒரு திருட்டை எப்படிச் செய்யலாம் என்று இங்கிலாந்து வங்கியிடமே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து எழுதினார் என்பது அந்தப் படத்தைப் பற்றி எல்லாரும் சொல்கிற கதை, அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. சரி, அவர்கள் எதில் மாட்டுகிறார்கள்? அசல் தங்கப் பொம்மை ஆறு, பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் கையில் விலைக்குப் போய்விடுகிறது. இவர்கள் இரண்டு பேரும் ஈஃபில் கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் தலை சுற்றச் சுற்ற, என்னவோ பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்துக்கொண்டே ஓடி இறங்குவார்கள் பாருங்கள், கூடவே நமக்கும் தலை சுற்றும். அப்புறம் எப்படியோ அஞ்சு பொம்மையைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் தர மாட்டேன் என்கிறாள், ஏனென்றால் அதைத் தனக்குத் தெரிந்த ஒரு போலீஸ்காரருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

துப்பறிகிறவன் மூளையைப் போட்டு உடைத்துப் பிடிக்கிற கதை இல்லை இது. ஒரு சிறுமியின் பாசம், ஒரு கிழவியின் இரக்கம், இதில்தான் தடுமாறுகிறார்கள். திருடர்கள் தப்பிக்கட்டும் என்று நாமும் மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருப்போம், ஆனால் அவர்களைத் தடுக்கிறவர் மேல் ஒரு துளிக் கோபம்கூட வராது. இரண்டு பக்கமும் நம் பக்கமாகவே இருக்கிற படம் வேறு எங்கே கிடைக்கும் சொல்லுங்கள்.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு ஒன்று சொன்னார். போர் தொடங்கியபின் 1940-இல் வந்த ரேஷன் கட்டுப்பாடு, இறைச்சி வரைக்கும் முழுசாக நீங்க 1954 ஆகிவிட்டது. பதினாலு வருடம். "நாங்கள் கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்றே வளர்ந்த பிள்ளைகள். வெண்ணெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு. ஒருத்தன் ஒரு மில்லியன் பவுண்டு தங்கத்தை அப்படியே தூக்குகிறான் என்றால் கைதட்ட மாட்டோமா?" என்றார்.

உங்களில் யாருக்காவது இந்தப் படங்களோடு இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். எனக்கு 'தி இத்தாலியன் ஜாப்', 1969. மைக்கேல் கெய்ன், மூன்று மினி கூப்பர், சிவப்பு வெள்ளை நீலம். நான் கார் மெக்கானிக், பர்மிங்காம் பக்கம், கையில் ஒரு பழைய மினி இருக்கிறது, அதனால் இந்தப் படத்தைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது.

நாலு வருடம் முன்னால் வேலை விஷயமாக இத்தாலியில் டூரின் போக வேண்டி வந்தது, படத்தில் கொள்ளை நடக்கிற ஊர். அங்கே லிங்கோட்டோ என்று ஃபியட்டின் பழைய தொழிற்சாலை, 1923-இல் திறந்தது. மொட்டை மாடியில்தான் காரை ஓட்டிப் பார்க்கிற தடம். கீழே உதிரிபாகமாக ஏறுகிற கார் ஒவ்வொரு மாடியாக முழுசாகி உச்சியில் ஓட்டிப் பார்க்கத் தயாராக வெளியே வரும், அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலை 1982-இல் மூடிவிட்டது, தடம் அப்படியே இருக்கிறது, இப்போது செடிகொடி வைத்துத் தோட்டமாக்கி நடக்க விடுகிறார்கள். மேலே போய் நின்றேன். இரண்டு முனையிலும் தடம் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சாய்ந்து எழும்புகிறது. படத்தில் போலீஸ் துரத்த மூன்று மினியும் சுற்றுகிற அதே வளைவு. கையால் தொட்டுப் பார்த்தேன், சொரசொரவென்று வெயிலில் சூடாக இருந்தது. தொண்டை அடைத்துவிட்டது.

படத்துக்குக் காரையும் ஊரையும் தாராளமாகத் தந்தது ஃபியட்டாம். ஃபியட் காரையே வைத்து எடுங்கள் என்று கேட்டும், இல்லை, மினிதான் என்று படக்குழு நின்றுவிட்டது. மினியைச் செய்த நிறுவனமோ அவ்வளவாக உதவவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

முடிவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலைப்பாதையின் விளிம்பில் பஸ் பாதி அந்தரத்தில் தொங்குகிறது, கொள்ளையடித்த தங்கம் பின்கோடியில், ஆட்கள் முன்கோடியில். ஒரு அடி எடுத்து வைத்தால் எல்லாம் போச்சு. அதோடு படம் முடிந்துவிடும். 2008-இல் இங்கிலாந்தின் ராயல் வேதியியல் கழகம், தங்கத்தையும் ஆட்களையும் எப்படிக் காப்பாற்றலாம் என்று போட்டியே வைத்தது. ஜெயித்த வழி என்ன தெரியுமா: ஜன்னலை உடைத்து எடையைக் குறை, முன்சக்கரக் காற்றை இறக்கு, பின்பக்கம் இருக்கிற எரிபொருளை வடித்துவிடு, அப்புறம் ஒருத்தன் மட்டும் இறங்கிக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து முன்பக்கம் ஏற்று. நாற்பது வருடம் கழித்துப் படித்தவர்கள் உட்கார்ந்து அந்தத் திருடர்களைக் காப்பாற்றக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் அக்கா. நீங்கள் சொன்ன அந்த வேண்டுதல்தானே இதுவும்?

*

வணக்கம் அக்கா, அண்ணா. நான் எழுதுவது கொஞ்சம் வேறு மாதிரி.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா', 1988-இல் வந்த கொள்ளை நகைச்சுவைப் படம், பதினைந்து வயதில் எனக்கு அது பிடிக்கவே இல்லை, வெறுத்தேன் என்றே சொல்லலாம். கென் என்கிற பாத்திரத்துக்குத் திக்குவாய், மைக்கேல் பாலின் நடித்தது. ஓட்டோ என்கிறவன் படம் முழுக்க அவனைப் பேசிக் காட்டிக் கேலி செய்வான். என் வகுப்பில் இரண்டு பையன்கள் அதைப் பார்த்துவிட்டு ஒரு வருடம் என்னை 'கென்' என்றே கூப்பிட்டார்கள். எத்தனையோ பேர் அந்தப் படத்தில் திக்கும் காட்சிகள் தங்களுக்கு வலித்தன என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் அதை மறுக்கவில்லை.

முப்பது வயதில் மறுபடி பார்த்தேன். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது, பாலினின் அப்பாவுக்கே திக்குவாயாம், மகன் வீட்டில் கண்டதைத்தான் நடித்திருக்கிறார். திக்கும் குழந்தைகளுக்காக 1993-இல் லண்டனில் ஒரு மையம் தொடங்கியபோது அவர் தன் பெயரையே கொடுத்தார். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படமே மாறிவிட்டது. ஓட்டலின் பெயரைச் சொல்ல வேண்டும், நேரமோ இல்லை, கென்னின் வாயில் அந்தச் சொல் நிற்கிறது, எதிரே இன்னொரு நடிகர் ஜான் கிளீஸ் முதலில் பொறுமையாக, அவசரமே இல்லை என்கிற முகத்தோடு நிற்பார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்களிடம் அன்பாக இருக்க நினைக்கிற எல்லாரும் அந்த முகத்தைத்தான் வைத்துக்கொள்வார்கள், உள்ளே பதறிக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அதை ஒருவர் இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாரே என்றுதான் இருந்தது. கடைசியில் சாலை போடுகிற ரோலரில் ஏறி உட்கார்ந்து ஓட்டோவை நோக்கி மெதுவாக, ரொம்ப மெதுவாக கென் வருகிறபோது நான் சோபாவில் எழுந்தே நின்றுவிட்டேன்.

அக்கா, இன்னொன்று. நீங்கள் எழுதிய 'லாவெண்டர் ஹில்' படத்தின் இயக்குநர் சார்லஸ் கிரைட்டன்தான் இதற்கும் இயக்குநர். நடுவில் 37 வருடம். இதை எடுக்கும்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

*

தம்பி, உங்கள் பதிவை மூன்று தரம் படித்தேன். அந்த முகத்தை நானும் வைத்துக்கொள்கிறேன், வேலையில் தினமும். இனிமேல் கவனிப்பேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு வருவதில்லை, ஒரு சொல்லுக்காக இரண்டு நிமிடம் போராடுவார். ஆனால் படம் ஓடும்போது சரியான இடத்தில், சரியான நொடியில் சிரிப்பார். எனக்குக் குதிரையைக் காட்டிய பாட்டி போன மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது அந்தத் தாத்தாதான் உட்காருகிறார். இந்த ஞாயிறு படத்தைத் தேர்ந்தெடுப்பது அவர் முறை. நேற்றே டிவிடி கூடையை மடியில் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மினி படம் போட்ட உறையை எடுத்து என் கையில் வைத்தார்.